எரியுதுன்னு சொல்றது யாரு?

(மூன்றாம் ஆண்டு, கருவியியல் மற்றும் கட்டுப்பாட்டுப் பிரிவு மாணவன்)



ஒரு சின்னக் கேள்வி. பச்சை மிளகாயைக் கடித்தால் என்ன சொல்கிறோம்? "வாய் எரியுது!" அடுப்பில் இருந்த பாத்திரத்தைத் தொட்டுவிட்டால்? "கை எரியுது!" மிளகாய்த்தூள் பட்ட கையோடு கண்ணைக் கசக்கினால்? "கண்ணு எரியுது!"

மிளகாயில் நெருப்பு கிடையாது. காரத்தில் துடிக்கிறவன் வாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள், எப்போதும் இருக்கும் 37 டிகிரியைத்தான் ஏறத்தாழ காட்டும். அப்படியிருக்க நெருப்புக்கும் மிளகாய்க்கும் நாம் ஏன் ஒரே வார்த்தையைப் போடுகிறோம்? சும்மா உவமைக்காகச் சொல்கிறோம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் நம் நரம்புக்குள் நெருப்புக்கும் மிளகாய்க்கும் ஒரே சென்சார்தான் என்று 1997-ஆம் ஆண்டு நிரூபித்துவிட்டார்கள். அந்த வேலைக்கு 2021-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

"டிப்ளமோ படிக்கிற பையனுக்கு நரம்பு சமாச்சாரம் எதுக்குப்பா?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. தெர்மோகப்பிள், ஆர்.டி.டி., தெர்மிஸ்டர் என்று இரண்டு வருஷமாக வெப்பநிலை சென்சார்களைப் படிக்கிறோம். எக்ஸாமில் பத்து மார்க் கேள்வியாக எழுதித் தள்ளுகிறோம். நம் தோலுக்குள் கோடிக்கணக்கில் இருக்கிற வெப்பநிலை சென்சாரைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாமல் போகலாமா? அந்த சென்சார் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சர்க்யூட்டைப் பார்த்துவிடுவோம்.

பாட்டரியும் வால்வும்

நம் நரம்பு செல் ஒவ்வொன்றும் ஒரு குட்டி பாட்டரி. செல்லைச் சுற்றிக் கொழுப்பாலான ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. சும்மா இருக்கும்போது சவ்வின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் நெகடிவாக இருக்கும்.

வெறும் 70 மில்லிவோல்ட்தானா என்று சிரிக்காதீர்கள். அந்தச் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். வகுத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 14,000 வோல்ட் வருகிறது! சாதாரணக் காற்று 3,000 வோல்ட் அளவிலேயே பிரேக்டவுன் ஆகிப் பொறி பறக்கும். அதைப்போல நாலு மடங்குக்கு மேல் தாங்கிக்கொண்டு நம் நரம்பு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

உப்பில் இருக்கிற சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்ற அயனிகள் கொழுப்பு வழியாகப் போக முடியாது. அவை போய்வர சவ்வில் புரதத்தாலான வாசல்கள் இருக்கின்றன. இவற்றுக்கு அயனி வாய்க்கால்கள் என்று பெயர். ஒவ்வொன்றும் ஒரு சாலினாய்டு வால்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். காயில் சப்ளை கிடைத்தால் திறக்கும், இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும். இந்த வால்வுகளில் சில வோல்டேஜுக்குத் திறக்கும். சில, வேதிப்பொருள் வந்து ஒட்டினால் திறக்கும். சில, இழுத்தால் திறக்கும். நம் கதாநாயகன், சூடு பட்டால் திறக்கிறவன்.

கால்சியம் என்ற காவல்காரன்

கால்சியம் என்றால் எலும்பு, பல், சுண்ணாம்பு என்றுதான் நமக்குத் தெரியும். அது உடம்புக்குள் சிக்னல் வேலையும் பார்க்கிறது என்பதற்கு முதல் துப்பு 1883-ல் கிடைத்தது. லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற டாக்டர், தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீரில் கலக்கிய கரைசலில் இதயம் நன்றாகத் துடித்தது. சுத்தமான டிஸ்டில்டு வாட்டரில் கலக்கியதும் துடிப்பு ஓய்ந்துவிட்டது. சுத்தமான தண்ணீரில் எது குறைகிறது? குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்! ஆஸ்பத்திரியில் ஏற்றுகிறார்களே 'ஆர்.எல்.' பாட்டில், அந்த 'ஆர்' இந்த ரிங்கர்தான்.

கால்சியம் ஏன் நல்ல சிக்னல்? செல்லுக்குள் இருக்கிற கால்சியத்தை 1 என்று வைத்தால் வெளியே 10,000 மடங்கு இருக்கிறது. உள்ளே வருகிறதை எல்லாம் செல், பம்பு வைத்து இராப்பகலாக வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. அணை நிறையத் தண்ணீர், ஆனால் ஆறு வறண்டு கிடக்கிறது என்று கற்பனை செய்யுங்கள். ஒரு மதகை ஒரு விரற்கடை தூக்கினாலே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சோடியம் வெளியே இருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் பத்துப் பதினைந்து மடங்குதான் வித்தியாசம். கொஞ்சம் கூடினாலும் அது கணக்கில் தெரியாது. கால்சியம் ஒரு துளி வந்தாலும் உள்ளே ரகளைதான். சிக்னல்–நாய்ஸ் விகிதம் என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சீரியல் பல்பில் ஃபால்ட் தேடிய கதை

மிளகாயின் காரத்துக்குக் காரணமான பொருள் கேப்சைசின். அது எந்த வாசலைத் தட்டுகிறது என்று கண்டுபிடிக்க அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜூலியஸ் என்பவரின் ஆய்வகம் இறங்கியது. மைக்கேல் கேட்டரினா என்ற இளம் ஆராய்ச்சியாளர் முன்னால் நின்று அந்த வேலையைச் செய்தார்.

கஷ்டம் என்னவென்றால், வலியைத் தெரிவிக்கும் நரம்பு செல்லில் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் இருக்கின்றன. எது நம்மாளு? அவர்கள் போட்ட ஐடியா ரொம்ப அழகு. நரம்பு செல்லிலிருந்து புரதம் செய்கிற 'டிராயிங்குகளை', அதாவது ஜீன் பிரதிகளை, எடுத்து சுமார் 16,000 வீதம் மூட்டை மூட்டையாகக் கட்டினார்கள். மிளகாய் என்றால் என்னவென்றே தெரியாத சாதாரண செல்களுக்குள் ஒவ்வொரு மூட்டையாகப் போட்டார்கள். அப்புறம் கேப்சைசினைத் தெளித்தார்கள்.

எந்த செல் 'எரியுது' என்று சொல்கிறது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் கால்சியம் கைகொடுத்தது. ரோஜர் சியென் என்ற விஞ்ஞானி 1985-ல் ஃபியூரா-2 என்ற சாயத்தை வெளியிட்டிருந்தார். புற ஊதா ஒளி பட்டால் அது ஒளிரும். கால்சியம் வந்து ஒட்டினால் ஒளிர்கிற விதம் மாறும். செல்லுக்குள் கால்சியம் நுழைந்ததும் மைக்ராஸ்கோப்பில் அந்த செல் மட்டும் தனியாகத் தெரியும். நாம் பேனலில் வைக்கிற இண்டிகேட்டர் லாம்ப் போல!

ஒரு மூட்டையில் விளக்கு எரிந்தது. அந்த மூட்டையைச் சின்னச் சின்ன மூட்டைகளாகப் பிரித்து மறுபடியும் சோதனை. எரிந்ததை மறுபடி பிரித்துச் சோதனை. கோயில் திருவிழா சீரியல் பல்பில் எது ஃப்யூஸ் என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடுகிறோமே, அதே வேலை. சும்மா பாதி பாதியாகப் பிரித்தால்கூட 14 தடவையில் 16,000-லிருந்து ஒன்றுக்கு வந்துவிடலாம். (2-ன் 14-வது படி 16,384. கணக்குப் போட்டுப் பாருங்கள்.) கடைசியில் ஒரே ஒரு ஜீன் கையில் நின்றது. அது செய்கிற புரதத்தை இன்று டி.ஆர்.பி.வி-1 என்று அழைக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் உண்மையான ஆச்சரியம். மிளகாய் வாசலுள்ள அந்த செல்லைச் சூடுபடுத்திப் பார்த்தார்கள். கேப்சைசின் ஒரு சொட்டும் இல்லை, வெறும் சூடு மட்டும்தான். சுமார் 43 டிகிரி செல்சியஸ் வந்ததும் வாசல் தானாகத் திறந்து கால்சியம் உள்ளே பாய்ந்தது. நமக்கு 'இளஞ்சூடு' போய் 'சுடுது' என்று ஆரம்பிக்கிற இடமும் ஏறக்குறைய அதே 43 டிகிரிதான். மிளகாயும் நெருப்பும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன!

செட் பாயின்டைத் திருகும் மிளகாய்

அயர்ன் பாக்ஸில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. பைமெட்டல் பட்டை குறிப்பிட்ட சூட்டில் வளைந்து கான்டாக்டை மாற்றும். எந்தச் சூட்டில் என்பதை ஒரு குமிழைத் திருகி மாற்றலாம். டி.ஆர்.பி.வி-1-க்கும் அப்படி ஒரு குமிழ் உண்டு. ஒரே மாதிரியான நாலு துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளையை உண்டாக்குவதுதான் அதன் அமைப்பு. 2013-ல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் மூலம் அந்த வடிவத்தை 3.4 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் படமெடுத்தார்கள். சாதாரண ரசாயன வினை 10 டிகிரி ஏறினால் இரண்டு, மூன்று மடங்கு வேகமாகும் என்று கெமிஸ்ட்ரியில் படித்தோம். இந்த வாசல் திறக்கிற வேகம் 20 மடங்குக்கு மேல் ஏறும். அவ்வளவு கூர்மையான சுவிட்ச்.

கேப்சைசின் இதில் ஒட்டிக்கொண்டால் 43 என்று இருந்த செட் பாயின்ட் கடகடவென்று இறங்கிவிடும். அப்போது வாயின் இயற்கையான 37 டிகிரியே 'நெருப்பு' என்று பதிவாகும். வாய் பொய் சொல்லவில்லை. ரீடிங் சரி, செட்டிங்தான் மாறிவிட்டது.

இதைத் தெரிந்துகொண்டால் டீக்கடை விஞ்ஞானம் முழுக்கப் புரியும். மிளகாய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு டீயை வாயில் வைத்தால் ஏன் உயிர் போகிறது? ஏற்கெனவே செட் பாயின்ட் கீழே, அதன்மேல் நிஜமான சூடு வேறு. தண்ணீர் குடித்தால் ஏன் அடங்கவில்லை? கேப்சைசின் தண்ணீரில் கரையாது. குளிர்ந்த தண்ணீர் இருக்கும்வரை சூடு குறைந்து சுகமாக இருக்கும், விழுங்கியதும் மறுபடி எரியும். பாலும் தயிரும் உதவும். அதிலுள்ள புரதமும் கொழுப்பும் கேப்சைசினைக் கழற்றி இழுத்துக்கொண்டு போகும். மிளகும் இஞ்சியும்கூட இதே கதவைத்தான் தட்டுகின்றன, மிளகாய் அளவு பலமாக அல்ல. அதனால்தான் மிளகு ரசத்தில் இதமான சூடு, ஆந்திரா ஊறுகாயில் அவஸ்தை!

கிளி ஏன் மிளகாயைக் கடலை மாதிரி தின்கிறது? பறவைகளுக்கும் இந்த வாசல் உண்டு, சூட்டுக்கு அது திறக்கும். ஆனால் கேப்சைசின் ஒட்டுகிற இடம் பறவையில் வேறு மாதிரி இருக்கிறது. 2002-ல் கோழியின் வாசலைச் சோதித்து இதைக் காட்டினார்கள். மிளகாய்ச் செடிக்கு இதில் லாபம். விதையை மென்று நொறுக்குகிற எலியை விரட்டிவிடும், முழுசாக விழுங்கி வேறு ஊரில் போடுகிற பறவையை வரவேற்கும்.

அதே 2002-ல் எதிர்க்கட்சியும் பிடிபட்டது. சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் திறக்கிற டி.ஆர்.பி.எம்-8 என்ற வாசல் அது. இதை ஜூலியஸ் ஆய்வகமும், ஆர்டெம் பட்டபூட்டியன் என்பவரின் ஆய்வகமும் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. புதினாவிலுள்ள மெந்தால் இதன் குமிழைத் திருகுகிறது. பெப்பர்மின்ட் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தால் பல்வரைக்கும் 'சில்'லென்று ஏறுவது இதனால்தான். தலைவலித் தைலம் குளுகுளுவென்று இருப்பதும் இதனால்தான். 2021 நோபல் பரிசை ஜூலியஸும் பட்டபூட்டியனும் பகிர்ந்துகொண்டார்கள். பட்டபூட்டியனுக்கு முக்கியமாக, தொடுதலை உணரும் வாசல்களைக் கண்டதற்காக.

விரல் நுனியிலிருந்து மூளை வரை

வாசல் திறந்தது. அப்புறம்? கால்சியமும் சோடியமும் உள்ளே பாய, 70 மில்லிவோல்ட் நெகடிவ் குறைந்துகொண்டே வரும். ஒரு எல்லையைத் தாண்டியதும் பக்கத்திலுள்ள வோல்டேஜ் வால்வுகள் படபடவென்று திறந்து ஒரு பல்ஸ் கிளம்பும். அது நரம்பு வழியே முதுகுத்தண்டு வரை ஓடும். சூடு எவ்வளவு என்பதை பல்ஸின் உயரம் சொல்லாது, எத்தனை பல்ஸ் அடுத்தடுத்து வருகிறது என்பதுதான் சொல்லும். டிஜிட்டல் கம்யூனிகேஷன்!

கேபிள் இரண்டு வகை. இன்சுலேஷன் உள்ள நரம்பு, விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தியைக் கொண்டுபோகும். இன்சுலேஷன் இல்லாத மெல்லிய நரம்பு, விநாடிக்கு ஒரு மீட்டர்தான். சுட்டுக்கொண்டால் முதலில் 'சுருக்'கென்று ஒரு வலி, கையை இழுத்த பிறகு நிதானமாக ஓர் எரிச்சல் வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? முதலாவது எக்ஸ்பிரஸ், இரண்டாவது பாசஞ்சர்.

பல்ஸ் முதுகுத்தண்டில் வந்து நின்றதும் அடுத்த நரம்புக்கு நேர் ஒயர் கிடையாது. அங்கே ஒரு இடைவெளி. அங்கேயும் ரிலே வேலை பார்ப்பது கால்சியம்தான். பல்ஸ் வந்ததும் வேறொரு வகைக் கால்சியம் வால்வு திறக்கும். உள்ளே வந்த கால்சியம் வேதிப்பொருள் பொட்டலங்களை உடைத்துக் கொட்டும். அந்த வேதிப்பொருள் அடுத்த நரம்பைத் தட்டி எழுப்பும். ஆக, வலிச் செய்தியின் ஆரம்பத்திலும் கால்சியம், மாற்றுப் பேருந்திலும் கால்சியம்.

புண்ணான இடம் ஏன் தொட்டாலே வலிக்கிறது?

வெல்டிங் ஷாப்பில் விரலைச் சுட்டுக்கொண்டவனிடம் கேளுங்கள். மூன்று நாளைக்கு வெதுவெதுப்பான தண்ணீர்கூட அந்த விரலில் நெருப்பாகப் படும். காரணம், அடிபட்ட திசுவிலிருந்து புராஸ்டாகிளான்டின், பிராடிகைனின் போன்ற பொருள்கள் சுரக்கின்றன. அவை நரம்பு செல்லுக்குள் செய்தி அனுப்பி டி.ஆர்.பி.வி-1-ன் செட் பாயின்டைக் கீழே இறக்குகின்றன. நரம்பு முனையில் நுழைந்த கால்சியமும் தன் பங்குக்குச் சில பொருள்களை வெளியே கொட்டி, இரத்தக் குழாயை விரித்து, அந்த இடத்தைச் சிவக்க வைக்கிறது, வீங்க வைக்கிறது. 'இங்கே ரிப்பேர் நடக்கிறது, தொடாதே' என்ற போர்டு அது. ஆஸ்பிரின் எப்படி வலியைக் குறைக்கிறது என்று 1971-ல் ஜான் வேன் காட்டினார். அது புராஸ்டாகிளான்டின் தயாரிப்பையே நிறுத்துகிறது. வலி ஒயரை அது அறுப்பதில்லை. கீழே இறங்கிய குமிழை மேலே விடுகிறது, அவ்வளவுதான்.

கால்சியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. வாசல் வழியாக அளவுக்கு மேல் உள்ளே வந்துவிட்டால், வந்த கால்சியமே அந்த வாசலை மந்தமாக்கிவிடும். நெகடிவ் ஃபீட்பேக்! தினமும் காரம் சாப்பிடுகிறவனுக்குக் காரம் உறைக்காமல் போவதில் இதற்கும் பங்கு உண்டு. இதையே மருந்தாக்கியிருக்கிறார்கள். அக்கி வந்து போன பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கிற வலிக்கு, 8 சதவீத கேப்சைசின் பட்டை ஒன்றை 2009-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். டாக்டர் மேற்பார்வையில் ஒரு தடவை ஒட்டினால், எரிந்து எரிந்து நரம்பு முனைகளே சற்றுப் பின்வாங்கி, சுமார் மூன்று மாதம் வலி அடங்கியிருக்கும். முள்ளை முள்ளால் எடுக்கிற வைத்தியம்.

அப்படின்னா ஒயரையே கட் பண்ணிடலாமா?

வாசல் தெரிந்துவிட்டது. அதை அடைக்க ஒரு மருந்து செய்தால் வலியே இருக்காதே! மருந்துக் கம்பெனிகளும் அப்படித்தான் நினைத்தன. சோதனையில் இரண்டு சிக்கல் வந்தது. ஒரு மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு ஜுரம் ஏறியது, சிலருக்கு 40 டிகிரி செல்சியஸ் அளவுக்கு. உடம்பின் வெப்பத்தைச் சமநிலையில் வைப்பதிலும் இந்த வாசலுக்கு வேலை இருந்திருக்கிறது. இன்னொரு மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு, தோலைப் புண்ணாக்கக்கூடிய சூடுகூட ஒன்றும் செய்யாத சூடாகத் தெரிந்தது. வலி போயிற்று, கூடவே காவலும் போயிற்று.

காவல் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டில் இருந்துகொண்டே உலகத்துக்குச் சொன்ன ஒருவர் உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயர், டாக்டர் பால் பிராண்ட். 1946-லிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றினார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று எல்லோரும் நம்பிய காலம். பிராண்ட் கூர்ந்து பார்த்தார். நோய் நரம்பைத்தான் கெடுக்கிறது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், ஆணி குத்தினாலும் தெரிவதில்லை. தெரியாததால் அடுத்தடுத்துக் காயம்பட்டு விரல் போகிறது. விரலைத் தின்றது, வலி இல்லாமை!

பின்னாளில் அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்தில் பணியாற்றியபோது பிராண்ட் ஒரு காரியம் செய்தார். நம் பிரிவுக்காரர்கள் கவனிக்க வேண்டிய காரியம். இன்ஜினியர்களோடு சேர்ந்து செயற்கை வலி ஒன்றை உருவாக்க முயன்றார். கையுறையில் அழுத்த சென்சார்கள், ஆபத்து வந்தால் காதில் சத்தம். சத்தத்தை நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. லேசான ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். அவசர வேலை வந்தால் நோயாளி சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு வேலையை முடித்தான்! கடைசியில் திட்டத்தைக் கைவிட்டார்கள். இயற்கை வலிக்கு ஏன் ஆஃப் சுவிட்ச் வைக்கவில்லை என்று இப்போது புரிகிறதா?

இயற்கை இதில் எவ்வளவு ஜாக்கிரதை என்பதற்கு இன்னொரு சாட்சி. டி.ஆர்.பி.வி-1 மட்டும் இல்லாத எலிகளை 2000-ஆம் ஆண்டில் உருவாக்கினார்கள். அவை மிளகாய்த் தண்ணீரைச் சாதாரணமாகக் குடித்தன, ஆனால் சூட்டை முழுக்க மறந்துவிடவில்லை. 2018-ல் பெல்ஜியத்தில் விடை கிடைத்தது. கடும் சூட்டை உணர மூன்று வகை வாசல்கள் இருக்கின்றன. மூன்றில் ஒன்று மிச்சமிருந்தாலும் எலி காலை இழுத்துக்கொள்கிறது, மூன்றும் போனால்தான் சும்மா நிற்கிறது. பாய்லருக்கு ஒரே ஒரு சேஃப்டி வால்வை நம்பாதே என்று நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதே பாடம்.

எங்கள் தாத்தாவின் கால்

இப்போது வீட்டுக் கதை. எங்கள் அம்மாவின் அப்பாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. ராத்திரியில் "கால் எரியுது, கால் எரியுது" என்று புரளுவார். அம்மாச்சி ஈரத்துணி போட்டுவிடும். தொட்டுப் பார்த்தால் கால் ஜில்லென்றுதான் இருக்கும்.

போன சித்திரையில் ஒருநாள் கடைத்தெருவுக்குப் போனவர், செருப்பு அறுந்துபோக, மத்தியான வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்தார். வந்து சாப்பிட்டார், தூங்கினார். சாயந்திரம் அம்மாச்சிதான் பார்த்துவிட்டுக் கத்தியது. "என்னாங்க இது, பாதம் பூரா கொப்புளம்?" தாத்தா குனிந்து பார்த்துவிட்டு, "எப்படி வந்துச்சு?" என்று எங்களைக் கேட்டார்.

புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. விரல் தப்பியதே பெரிய விஷயம் என்றார் டாக்டர்.

அன்றைக்கு எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நெருப்பே இல்லாத ராத்திரியில் எரிகிறது என்கிற கால், நிஜமாகச் சுட்ட மத்தியானத்தில் எப்படி ஊமையானது? இதையெல்லாம் படித்த பிறகுதான் விளங்கியது. நீண்ட நாள் சர்க்கரை, நரம்பு முனைகளை மெல்ல மெல்லக் கெடுக்கிறது. கெட்டுக்கொண்டிருக்கிற சில நரம்புகள் காரணமில்லாமல் பல்ஸ் அனுப்புகின்றன, அது பொய் அலாரம். செத்துப்போன நரம்புகள் நிஜ ஆபத்துக்கும் வாய் திறப்பதில்லை, அது அறுந்த ஒயர். ஒரே காலில் இரண்டு ஃபால்ட்டும். மேலே சொன்ன கேப்சைசின் பட்டையை, சர்க்கரையால் வருகிற இந்தக் கால் எரிச்சலுக்கும் 2020-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஆனால் செத்த நரம்பை எழுப்புகிற மருந்து அது கிடையாது.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். வலி நம் எதிரி கிடையாது. அது ஒரு கருவி. கருவி தப்பாகக் காட்டினால் சரிபார்க்க வேண்டும், பிடுங்கி எறியக் கூடாது. இனி வரப்போகிற நல்ல வலி மருந்துகளும் அந்த வழியில்தான் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 43 என்பதை மறுபடி 43-க்குக் கொண்டுவருகிற மருந்து, கருவியை ஊமையாக்காத மருந்து.

நம் ஒர்க்‌ஷாப்புக்கு: சால்டரிங் அயர்ன் நுனி 350 டிகிரி. செய்தி முதுகுத்தண்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் தோல் வெந்துவிடும். ஆகவே சென்சாரை நம்பி கிளவுஸை மறக்காதீர்கள். சுட்டுவிட்டால் இங்க், டூத்பேஸ்ட், மாவு என்று அப்பக் கூடாது. ஐஸும் வேண்டாம். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். உள்ளே தங்கிய சூடு வெளியேறும், வாசல்களும் மூடிக்கொள்ளும். பெரிய புண் என்றால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

நம் வீட்டுக்கு: சர்க்கரை இருக்கிற பெரியவர்கள் யாருடைய வீட்டில் இல்லை? தினம் ராத்திரி அவர்கள் பாதத்தை, விரல் இடுக்கு உட்பட, கண்ணால் பாருங்கள். அவர்கள் குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துக் காட்டுங்கள். வெந்நீரை அவர்கள் காலால் சோதிக்க வேண்டாம், நீங்கள் முழங்கையால் சோதித்துக் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனை இருக்கிறது. 10 கிராம் விசையில் வளைகிற ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்பார்கள். ஒரு நிமிஷ வேலை, வலி கிடையாது. நாம் லேபில் செய்கிற காலிபரேஷன்தான் அது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவர்களை அழைத்துப் போய் அதைச் செய்துவிடுங்கள்.

பிரஷர் கேஜுக்கெல்லாம் காலிபரேஷன் தேதி எழுதி ஒட்டுகிற நாம், தாத்தா பாட்டி காலுக்கு ஒரு தேதி குறிக்க மாட்டோமா?